இறுகிப்போன ஒட்சிசன் உணரி: ‘கறளிறுக்கமா’, ‘புரிப்பிடிப்பா’?

அன்புள்ள குழுமத்தவர்க்கு வணக்கம். வாகனத் திருத்தக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், புரி (திருகின் மரை) இறுகிக் கழலாமல் நிற்பதை, அதாவது ஆங்கிலத்தில் ‘seized’ என்பதை, எப்படிச் சொல்வது என்று பேசிவருகிறோம். அதற்கு அக்கா கறளை (துருவை) வைத்து ஒரு சொல் தந்திருந்தார்:

> கறள் பிடித்துத்தானே இறுகுகிறது? ‘கறளிறுக்கம்’ என்றே வைத்துவிடலாமே.

அக்கா, கறள் என்ற எங்கள் ஊர்ச் சொல்லைப் பட்டியலுக்குள் கொண்டுவந்ததற்கு முதலில் நன்றி. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் நிற்கும் வாகனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் சைலன்சர் குழாயில் பூட்டிய ஒட்சிசன் உணரி (புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் கருவி) கழலாமல் நிற்பதற்குக் கறள் ஒரு காரணம் மட்டுமே. அந்த உணரி ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஒவ்வொரு ஓட்டத்திலும் குழாய் விரிந்து சுருங்கும். அழுத்தத்தில் புரிகள் ஒன்றையொன்று கடித்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிப்போகும். கறளே இல்லாத குழாயிலும் இது நடக்கும். சொல் கறளை மட்டும் காட்டினால், வேலை பழகும் பொடியன் எண்ணெய் விட்டதோடு முழுப் பலத்தையும் போட்டுத் திருகுவான். உணரியோடு குழாயின் புரியும் உரிந்து வந்துவிடும்.

பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களில் இந்த உணரி இல்லை. 1976இல்தான் பொஷ் தயாரித்த உணரி வொல்வோ காரில் முதலில் வந்தது. ஆகவே உணரிக்கு எங்கள் கராஜ்களில் பழைய பெயர் கிடையாது. இறுகிய புரிக்கு உண்டு: “புரி பிடிச்சிட்டுது.” அதிலிருந்து எடுத்த ‘புரிப்பிடிப்பு’தான் என் முன்மொழிவு. காரணத்தைக் கட்டிப்போடாமல், கோளாறு இருக்கும் இடத்தை அது சொல்கிறது.

இதை எல்லா இறுக்கத்துக்கும் நீட்டக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். ‘பிரேக் பிடிப்பு’ என்றால் பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எவரும் விளங்கிக்கொள்வார். அங்கே ‘இறுகல்’ இருக்கட்டும். ‘seize’ என்பதன் நேர்மொழிபெயர்ப்பான ‘கைப்பற்றல்’ பொலிஸ் செய்தியோடு நிற்கட்டும்.

கையேட்டில் சொல் எப்படி உட்காருகிறது என்று எழுதிப் பார்த்தேன்:

“புரிப்பிடிப்புள்ள உணரியைக் கழற்றுமுன் புரியில் ஊடுருவெண்ணெய் விட்டு ஊறவிடுக. இயந்திரத்தைச் சற்று ஓட்டி நிறுத்தி, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது, வயருக்கு வெட்டு விட்ட 22 மி.மீ. சொக்கற்றால் முதலில் சிறிது இறுக்கி, பின் தளர்த்துக. அசைந்ததும் முன்னும் பின்னுமாகத் திருப்புக. அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்தபின், உணரியைச் சூடாக்காமல், அது பூட்டிய ஒட்டு நட்டை (குழாயோடு ஒட்டிய நட்டை) மட்டும் சூடாக்குக.”

வாய்க்குத் தடங்கல் இல்லை என்று நினைக்கிறேன்.

புதிய உணரியைப் பூட்டும்போது புரியில் தடவும் பசைக்கு நேற்று வந்த ‘புரிப்பசை’யை மட்டும் தயவுசெய்து ஏற்கவேண்டாம். புரியைக் கழலாமல் பூட்டிவைக்கும் பசையும் கடையில் இருக்கிறது; இரண்டுக்கும் வேலை நேரெதிர். பெயர் மாறினால் அடுத்த முறை அந்த உணரி கழலவே கழலாது. ஒன்றைப் ‘பூட்டுப்பசை’ என்றும் மற்றதைப் ‘பிடிதடுப்புப் பசை’ என்றும் பிரிப்போம். பிடிதடுப்புப் பசை உணரியின் நுனியில் படக்கூடாது என்ற குறிப்பையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். சில புதிய உணரிகள் அதைத் தடவியே வருகின்றன.

இன்னும் பெயர் வைக்காதது, உணரி கழன்றபின் பழுதான புரியைச் சீராக்கும் கருவி, 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரியிடை (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி). புதுப்புரி வெட்டும் கருவியைப் ‘புரிவெட்டி’ என்று ஏற்கனவே ஒப்புக்கொண்டோம். இது வெட்டுவதில்லை, இருப்பதைத் துப்புரவாக்குகிறது. ‘புரிதுலக்கி’ சரிவருமா?