கட்சிக்காரர் வழக்குகளைப் புத்தகமா எழுதலாமா?

கிருஷ்ணகிரி ஜூனியர்: எங்க சீனியர் வக்கீல் தன் கட்சிக்காரங்களோட (கிளையன்ட்) பழைய வழக்குகளைப் புத்தகமா எழுதறார். எல்லார் பேரையும் மாத்திட்டார். பாதிப் பேர் இறந்தும் போயிட்டாங்க. கேஸ் கட்டெல்லாம் ஆபீஸ்லயே இருக்கு. சிக்கல் ஏதும் வருமா?

அரூர் வக்கீல்: வரும் தம்பி. முன்னாடி சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு; 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 132ஆம் பிரிவு. கட்சிக்காரர் சொன்னது, காட்டின பத்திரம், நாம கொடுத்த யோசனை எதுவும் அவர் வெளிப்படையா சம்மதிக்காம வெளிய போகக்கூடாது. வழக்கு முடிஞ்சாலும் இது தொடரும்னு அந்தப் பிரிவோட விளக்கத்துலயே இருக்கு. இறந்துட்டா விட்டுப்போச்சுன்னு ஒரு வரியும் இல்ல. குமாஸ்தாவுக்கும் இதே கட்டுப்பாடுதான். டிராஃப்டைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தாலே வெளிய சொன்ன மாதிரிதான், அச்சாகணும்னு இல்ல.

கேஸ் கட்டைத் தொடாதீங்க. நகல் மனு போட்டு தீர்ப்பும் சாட்சி வாக்குமூலமும் வாங்கி, அதுல இருக்கறதை மட்டும் எழுதச் சொல்லுங்க. கோர்ட் ஆவணம் மாதிரி பொது ஆவணத்துல இருக்கறதை வெளியிட யார் சம்மதமும் வேண்டாம்னு 1994ல ராஜகோபால் வழக்குல, அதான் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கு, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. கூண்டுல சொன்னதை எழுதலாம். ஆபீஸ்ல கதவைச் சாத்திட்டுச் சொன்னதை எழுதக்கூடாது.

ஓசூர் சிவில்: பேரை மட்டும் மாத்தி என்ன புண்ணியம்? "காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஃபேக்டரி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை"ன்னு எழுதினா டீக்கடையிலயே ஆளைச் சொல்லிடுவாங்க. ஊர், தொழில், வருஷம், உறவு எல்லாம் மாறணும். மாத்தினா சுவாரசியம் போயிடும்னா சம்மதக் கடிதம்தான். அத்தியாயத்தை முழுசா இணைச்சு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கணும். வக்காலத்துலயே ஒரு வரி சேர்த்து வாங்கினதெல்லாம் நிக்காது, எதுக்குச் சம்மதிச்சோம்னு அவருக்கே தெரியாது. இறந்தவர் பேரைக் கெடுத்து குடும்பத்தைப் புண்படுத்தினாலும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 356ல அவதூறு வரும்.

விவாகரத்தை விட்டுடச் சொல்லுங்க. இந்து திருமணச் சட்டம் 22ன்படி நடவடிக்கையையே அச்சடிக்கக்கூடாது. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னா கோர்ட் அனுமதி வாங்கிப் போடலாம். அபராதம் 1,000 ரூபாய்க்குள்ளதான். பயப்பட வேண்டியது வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கற பார் கவுன்சிலுக்கு.

கிருஷ்ணகிரி ஜூனியர்: பாலியல் வழக்கு, சார்? வாச்சாத்தி பாலியல் வன்கொடுமை வழக்கு பத்தி எல்லாரும் எழுதறாங்களே?

அரூர் வக்கீல்: தீர்ப்பைப் பத்தி எழுதலாம், 2011 தர்மபுரி செஷன்ஸ் தீர்ப்பு, 2023 ஹைகோர்ட் தீர்ப்பு ரெண்டும். பாதிக்கப்பட்டவங்க பேரோ அடையாளமோ வரக்கூடாது, அவங்களே எழுத்துல அனுமதி தந்தா தவிர. பி.என்.எஸ். 72, ரெண்டு வருஷம் வரை சிறை. சின்ன கிராமம்னா தெரு பேரும் அப்பா தொழிலுமே அடையாளம்தான். குழந்தைன்னா போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்துலேர்ந்து காக்கற சட்டம்) 23ஆம் பிரிவு தனி.

பார் கவுன்சில் விஷயம்: கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கணும்ங்கற பார் கவுன்சில் விதி 17 மீறல்னு புகார் போனா, வழக்கறிஞர் சட்டம் 35ல கண்டிப்பு, சஸ்பென்ஷன், பேரையே நீக்கறது வரைக்கும் போகலாம். பிராக்டிஸை நிறுத்திட்டேன்னு சீனியர் சொன்னாலும் பேர் ரோல்ல (வக்கீல் பதிவுப் பட்டியல்) இருக்கில்ல?