மறு: டோல் போன்ற ஏற்பி – நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,

கருவிழிப் படலத் தொற்று பற்றிய பாடத்தை நாளை மொழிபெயர்த்துத் தர வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிவோரைத் தாக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, சாட்டை போன்ற கசையிழையைச் சுழற்றி நீந்தி வரும். அந்த இழையின் புரதத்தை இனங்காண்பது, நம் செல்களில் கிருமியை இனங்காணும் டோல் வகைப் புரதங்களில் (Toll-like receptor) 5ஆம் எண். அது படலத்தின் மேற்பரப்புச் செல்களில் இல்லை, உள்ளடுக்குகளில்தான் இருக்கிறது. மேலே வந்துபோகும் கிருமிக்கெல்லாம் குரல் எழுப்பாமல், அடுக்கு கிழிந்து உள்ளே நுழைந்தால் மட்டும் எழுப்புகிறது. இத்தனை நுட்பமான ஒன்றை 'டோல் போன்ற ஏற்பி' என்றால் மாணவர் சுங்கச்சாவடியைத்தான் நினைப்பார்.

---

> ஏற்பி

உடன்பாடில்லை. கல் – கற்பி போல, ஏல் – ஏற்பி என்பது 'ஏற்கச் செய்' என்னும் பிறவினை. 'ஏற்பது இகழ்ச்சி' என்று படித்த நாம் காவலுக்கு இரப்பவன் பெயரை வைக்கலாமா? ஒற்றறிவதால் 'ஒற்றி' என்க. டகரம் மொழிமுதல் வாராது. 'தோல்' என எழுதுக.

---

ஐயா, 'தோல் போன்ற ஒற்றி' என்று கரும்பலகையில் எழுதினால், கண்ணில் தோல் எங்கே என்று முதல் வரிசையே கேட்கும். ஒற்றி என்றால் வீட்டை ஒற்றிக்கு விடுவது. ஏற்பு + இ என்று பிரித்தால் ஏற்பி வினைமுதற் பெயர்தானே? டோல் என்பது பழ ஈயின் மரபணுவைக் கண்டு வியந்தபோது 'அபாரம்' என்ற பொருளில் எழுந்த ஜெர்மன் சொல்; பெயராகவே நிற்கட்டும்.

---

ஏற்பியைக் 'காவலி' எனலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவனாக மறுக்கிறேன். இது கண்டு சொல்வதோடு சரி. கிருமியை விழுங்குவது அழைப்பைக் கேட்டு வரும் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள். அவை அளவு மீறினால் படலமே தழும்பேறிப் பார்வை மங்கும். காவல் என்ற சொல் அந்தச் சேதத்தை மறைத்துவிடும். இன்னொன்று, 'கருவிழிப் படலம்' சரியா? அது கண்ணாடிபோல் தெளிந்தது. கருமை அதன் பின்னால் இருப்பது. 'விழிவெண்படலம்' அதைவிடப் பிழை.

---

படலத்துக்குத் தனி மடலிழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏற்பிக்கு நால்வர், ஒற்றிக்கு ஒருவர். 'போன்ற'வை எடுத்துவிட்டு 'டோல்வகை ஏற்பி' என்று அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'கிருமியை இனங்காணும் புரதம்' என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

---

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். ஏற்பி பிறவினைதான். நடப்பி, கற்பி, ஏற்பி. நன்னூலைப் பாருங்கள்.