மேக்ஸ்வெல்லா, நோவா ப்ரோவா? வயர்லெஸ் கேமிங் ஹெட்செட்டுக்கு இவ்வளவு காசு போடலாமா?

கோவை_கேமர்:
வணக்கம் மக்களே. கைல இருக்குற வயர்லெஸ் ஹெட்செட்டுல குஷன் தோல் உரிஞ்சு கொட்டுது, பேட்டரியும் ஒரு சாயங்காலம் தாங்க மாட்டேங்குது, அதனால இந்தத் தடவை வாங்குனா நாலஞ்சு வருஷம் ஓடுற மாதிரி ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். பாத்து வச்சிருக்கறது ஆடிசி மேக்ஸ்வெல், ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ். பிசில வேலரன்ட் (துப்பாக்கிச் சண்டை கேம்), பிஎஸ்5ல (பிளேஸ்டேஷன் 5) ஸ்டோரி கேம், ரெண்டுக்கும் ஒரே ஹெட்செட் போதும். கண்ணாடி போடுவேன், ரூம்ல ஏசி கிடையாது, ஃபேன் மட்டும்தான். தினமும் மாட்டிட்டு விளையாடுறவங்க சொல்லுங்க.

பாஸ்பூஸ்ட்:
மேக்ஸ்வெல் வச்சிருக்கேன் ப்ரோ. சவுண்ட் மட்டும்தான் முக்கியம்னா யோசிக்காம இதை எடுங்க. உள்ள இருக்கறது 90 மி.மீ பிளேனார் டிரைவர் (சத்தம் உண்டாக்குற பாகம்), சாதாரண டிரைவர்ல காயில் நடுவுல இருந்து தள்ளும், இதுல மெல்லிசான ஷீட் முழுக்க மின்பாதை ஓடுறதால மொத்தமா ஒரே சீரா அசையும். கிரனேட் வெடிக்கிற நேரத்துலயும் பக்கத்துல எவனாவது ரீலோட் பண்ணா அந்த க்ளிக் தனியா காதுல விழுது. பேட்டரி 80 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது, சார்ஜ் பத்தின நினைப்பே வராது. ஆனா எடை 490 கிராம், அரைக்கிலோன்னே வச்சுக்கங்க. கொஞ்ச நேரம் போனதும் உச்சந்தலைல ஸ்ட்ராப் படுற இடம் தெரிய ஆரம்பிக்கும், கண்ணாடிக் கம்பிய காதோட சேத்து அமுக்கும். வெளிச் சத்தத்த அமுக்குற ஏஎன்சி கிடையாது.

மதுர_ஸ்னைப்பர்:
நான் நோவா ப்ரோ. எடை 340 கிராமுக்குள்ள, கண்ணாடியோட போட்டாலும் தொந்தரவு இல்ல. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பேட்டரிதான், பாக்ஸ்லயே ரெண்டு வரும், ஒண்ணு ஹெட்செட்ல ஓடும்போது இன்னொண்ணு டேபிள் மேல வைக்கிற பேஸ் ஸ்டேஷன் பக்கவாட்டுல சார்ஜ் ஏறிட்டிருக்கும், காது கப் மேல காந்தத்துல ஒட்டியிருக்குற தகட்ட உருவி மாத்திக்கலாம். நாலஞ்சு வருஷம்னு சொல்றீங்க, எந்த வயர்லெஸ் ஹெட்செட்லயும் முதல்ல சாகறது பேட்டரிதான், அதைக் கழட்டி மாத்த முடியுதுங்கறது சின்ன விஷயம் இல்ல. பேஸ் ஸ்டேஷன்ல ரெண்டு யுஎஸ்பி போர்ட், ஒண்ணுல பிசி, ஒண்ணுல பிஎஸ்5, கேபிள் பிடுங்காமலே மாத்திக்கலாம். ஏஎன்சி போட்டா ஃபேன் இரைச்சல் நல்லா அடங்கும், ஆனா வீட்டுல பேசுறது, கீபோர்ட் சத்தமெல்லாம் அதுக்கு அடங்காது. சவுண்ட் நல்லாதான் இருக்கு, மேக்ஸ்வெல் அளவுக்கு இல்லைங்கறது உண்மை. மைக் குரலும் கொஞ்சம் ஒல்லியா போகும்.

இன்இயர்_கட்சி:
இவ்வளவு காசுக்கு நல்ல வயர்டு ஐஇஎம் (காதுக்குள்ள சொருகுற இயர்போன்), தனி யுஎஸ்பி மைக் ரெண்டும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாமே ப்ரோ. நோவா ப்ரோ 2022ல வந்தப்பவே 350 டாலர், மேக்ஸ்வெல் 299ல ஆரம்பிச்சது. அதுல பாதி வயர் இல்லாம இருக்கறதுக்குத்தான் போகுது.

கோவை_கேமர்:
பிஎஸ்5 ஹால்ல இருக்கு, சோஃபால உக்காந்து விளையாடுறேன், அவ்ளோ தூரம் வயர் இழுக்க முடியாது. அப்ப என்கிட்ட இருக்குற ப்ளூடூத் ஹெட்ஃபோன் போதாதா?

ரூட்டர்_ரங்கன்:
போதாதுங்க. பிசில ப்ளூடூத் ஹெட்ஃபோனோட மைக்க ஆன் பண்ணதும் பெரும்பாலும் போன் கால் மோடுக்கு மாறிடும், கேம் சவுண்ட் மோனோவாகி ரேடியோ மாதிரி கேக்கும், காலடி எந்தப் பக்கம்னே தெரியாது. பிஎஸ்5 ப்ளூடூத் ஆடியோவ நேரடியா எடுக்கவே எடுக்காது. இந்த ரெண்டு ஹெட்செட்டும் ப்ளூடூத்த நம்பாம, கூட வர்ற ரிசீவரோட 2.4 கிகாஹெர்ட்ஸ்ல தனியா பேசுது, அதுக்குத்தான் காசு.

மேக்ஸ்வெல் எடுத்தா அதோட டாங்கிள (அந்தச் சின்ன யுஎஸ்பி ரிசீவர) கேபினெட்டுக்குப் பின்னாடி யுஎஸ்பி 3 போர்ட்ல ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்துல சொருகாதீங்க, அந்த போர்ட்டோட இரைச்சலே 2.4ல விழுந்து விட்டு விட்டுக் கேக்கும், ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டேபிள் மேல கொண்டு வந்துடுங்க. வேலரன்ட்ல கேமுக்குள்ளயே எச்ஆர்டிஎஃப் (ஹெட்ஃபோன்ல சத்தம் வர்ற திசைய காட்டுற செட்டிங்) இருக்கு, அத ஆன் பண்ணிட்டு ஹெட்செட், விண்டோஸ் ரெண்டுலயும் சரவுண்ட ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் சேந்தா திசை குழம்பும்.

நாளைக்கு எக்ஸ்பாக்ஸ் வாங்குற எண்ணம் இருந்தா ரெண்டு மாடல்லயும் எக்ஸ்பாக்ஸ் வெர்ஷனே எடுங்க, அது பிஎஸ்5, பிசிலயும் ஓடும், பிளேஸ்டேஷன் வெர்ஷன் எக்ஸ்பாக்ஸ்ல ஓடாது. கண்ணாடி, ஏசி இல்லாத ரூம், ஃபேன் சத்தம்னு நீங்க சொன்னத வச்சுப் பாத்தா என் ஓட்டு நோவா ப்ரோவுக்கு. லெதர் குஷன் நம்ம ஊர் வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும், கூடவே துணி குஷன் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கங்க, ஏஎன்சி கொஞ்சம் குறையும், பரவால்ல.