மைனரின் முன்சில்லு மடிந்த நாள்

வெள்ளவத்தை 1098:

எங்கள் வீட்டுக் கார் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். அப்பாவின் கார், அவர் போன பிறகு என் கைக்கு வந்தது. ஓட்டும்போது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை. ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காது. காலி வீதியில் பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனால் கார் தானாக அலையும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். அறுபது வருடத்து வண்டி, சஸ்பென்ஷனையே மாற்றினால்தான் சரிவரும் என்று முடிவெடுத்தேன்.

பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை அலைந்து ஜப்பான் கார் ஒன்றின் டெலஸ்கோப்பிக் ஷொக், அதாவது குழாய் வடிவில் நீண்டு சுருங்கி ஆட்டத்தை அடக்கும் ஷொக், ஒரு சோடி வாங்கினேன். பிராக்கெட் வெல்ட் பண்ணி பின்பக்கம் பூட்டினோம். நல்ல டயரும் போட்டேன். கார் கொஞ்சம் அடங்கியது. அந்தக் கொஞ்சத்தை நம்பி முன்பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு மழை மாலை. மரீன் டிரைவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திருப்புகிறேன், நடக்கிற வேகம்தான். வலது முன்பக்கத்தில் மடக்கென்று ஒரு சத்தம். பொனட் சரிந்தது, ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு மட்காட்டுக்கு அடியில் மடிந்து கிடக்கிறது. பின்சீட்டில் மகள். ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவளோடு காலி வீதியில் ஐம்பதில் வந்திருந்தேன். நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

மைனரின் முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னுக்கு மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்ற துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிங்பின் அந்த மரைக்குள்தான் சுழல்கிறது. கிறீஸ் இல்லையென்றால் உலோகமும் உலோகமும் அரைபடும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீழ் மரை தேய்ந்து பிடி விட்டால் கிங்பின் கழன்று வந்துவிடும்.

கராஜ் மெக்கானிக் பாஸ் அந்தக் கீழ் ட்ரனியனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. துருப்பொடி செங்கல் மா மாதிரி விரலில் ஒட்டியது. பிறகு கிறீஸ் ஏற்றும் சின்ன முனையான கிறீஸ் நிப்பிளைக் காட்டினார். அதன் வாய் கறுப்புப் பெயின்டால் அடைபட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடிப்பக்கம் முழுக்க நான் அடிப்பித்த பெயின்ட் அது. அதன் பிறகு ஒரு துளி கிறீஸ் உள்ளே போகவில்லை. அப்பா மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழைய சாரத்தோடு காருக்குக் கீழே படுத்துக் கிறீஸ் அடிப்பார். நிப்பிள்களைத் துணியால் துடைத்து வைப்பது சின்ன வயதில் என் வேலை. அதை எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இரண்டு பக்கமும் கிங்பின், ட்ரனியன் எல்லாம் புதிது போட்டோம். இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள், வரவழைக்கலாம். முன்சில்லைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க் கையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் டை பார் என்ற கம்பியின் ரப்பர் புஷ் இரண்டும் பிய்ந்திருந்தன. பிரேக் பிடித்தால் இழுத்ததற்குக் காரணம் அதுதான். அவற்றை மாற்றி, டோ-இன்னை, அதாவது முன்சில்லுகள் இரண்டும் முன்பக்கத்தில் சற்று உள்நோக்கி நிற்கும் அளவை, புத்தகத்தில் உள்ளபடி 3/32 அங்குலத்துக்கு, அதாவது 2.4 மில்லிமீட்டருக்கு, வைத்தோம். அவ்வளவுதான். கார் நேராக ஓடுகிறது, பிரேக் பிடித்தாலும் நேராகவே நிற்கிறது. பின்பக்கத்து டெலஸ்கோப்பிக் ஷொக்கைக் கழற்றிப் பழையதையே பூட்டிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

1948இல் வெளிவந்த கார் இது. ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்னுக்குத் தனித்தனியாக இயங்கும் டோர்ஷன் பார் (முறுக்குப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) சஸ்பென்ஷன் எல்லாம் அப்போதே இருந்தன. காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு மாதிரி வண்டி ஒடுங்கலாகப் பட்டது. அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் சேர்க்க வைத்தார். மைனர் வைத்திருந்தால் உங்கள் பொனட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டையைத் தடவிப் பாருங்கள், அந்த 4 அங்குலம்தான் அது. வளைவில் இந்தக் கார் இவ்வளவு நிதானமாக நிற்பதற்கு அந்த அகலமும் ஒரு காரணம். வண்டி புதிதாக இருந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு முதலில் கொண்டுவாருங்கள். கூட்டுவது குறைப்பது எல்லாம் அப்புறம்.

கொட்டாஞ்சேனை ட்ரவலர்:

அண்ணை, வாசித்த கையோடு கீழே போய் நான்கு நிப்பிளையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது பெரிய புண்ணியம்.

என் அனுபவம் பின்பக்கத்தில். வீட்டில் ஆறு பேர், கண்டிக்குப் போனால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஒருவர் சொன்னார் என்று தகடுகளை அடுக்கிச் செய்த பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூடப் போட்டேன். அதே மாதம் முன்னுக்கு மட்டும் 145 ரேடியல் டயர் வாங்கினேன். பின்னுக்குப் பழைய 5.20-14 குறுக்கு நூல் டயர் இன்னும் ஓடும் என்று விட்டுவைத்தேன்.

திரும்பி வரும்போது தனியாக வந்தேன். கடுகண்ணாவை இறக்கம், லேசான தூறல். வளைவில் ஒரு சின்னக் குழி. வெறும் வண்டியில் அந்த இறுகிய ஸ்பிரிங் வளையவே இல்லை, பின்பக்கம் துள்ளிப் பக்கவாட்டில் போய் விழுந்தது. முன் டயர் பிடித்து நிற்கிறது, பின் டயர் வழுக்குகிறது. வால் சுற்றிக்கொண்டு வந்து கானுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. எதிரில் வாகனம் வராதது என் அதிர்ஷ்டம்.

இப்போது நான்கும் ரேடியல். கூடப் போட்ட தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய தகடுகளைப் பிரித்துத் துரு சுரண்டி, வில்லேற்றிப் பூட்டினேன். ஆறு பேர் ஏறினால் இன்றும் கொஞ்சம் உட்காரும். ஆட்கள் ஏறினால் மெதுவாகப் போகிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. முன் ஷொக் சரியில்லை என்று அதைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பிக் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். மைனரில் முன் ஷொக் லீவர் ஷொக், ஒரு கை மேலும் கீழும் அசைந்து உள்ளே இருக்கும் ஒயிலைத் தள்ளும் வகை. அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. டெலஸ்கோப்பிக் போட்டாலும் அது அங்கே இருந்தே ஆக வேண்டும். என் வண்டியில் அதற்குள் யாரோ எஞ்சின் ஒயில் ஊற்றியிருந்தார்கள். முழுக்க வடித்து, ஷொக் ஒயில் விட்டு, காற்றுக் குமிழி போகும்வரை கையை மேலும் கீழும் அசைத்து நிரப்பினேன். பாலத்தில் ஏறி இறங்கினால் முன்பு மூன்று தரம் ஆடும், இப்போது ஒரு தரத்தோடு நிற்கிறது.

தெஹிவளை புதியவர்:

வணக்கம். போன மாதம்தான் ஒரு மைனர் வாங்கினேன். சாரதிப் பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. வலது டோர்ஷன் பாரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினால் சமமாகும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். செய்யலாமா?

வெள்ளவத்தை 1098:

செய்யவே வேண்டாம் தம்பி. அந்த பார் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து முறுக்குக்கென்றே பதப்படுத்தியது. பக்கம் மாற்றினால் எதிர்ப்பக்கம் முறுக்குப்பட்டு உடைய வாய்ப்பு இருக்கிறது. சாரதி ஒருவர் மட்டும் ஏறி ஓடிய வண்டிகளில் அந்தப் பக்கம் தாழ்வது வழமைதான், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் சமதரையில் நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்று அளவாக அடித்து அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் தாழ்ந்திருந்தால், முன்சீட்டுக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் பாரின் பின்நுனியைப் பிடித்திருக்கும் லீவரை நகர்த்தி உயர்த்தலாம். பார் முறுக்கோடு இருக்கும், அந்த முறுக்கைத் தளர்த்தாமல் கழற்றினால் லீவர் அடித்து எலும்பை முறித்துவிடும். தனியாகத் தொடாதீர்கள்.

இந்த ஞாயிறு காலை காரோடு வீட்டுக்கு வாருங்கள். கிறீஸ் கன், ஸ்டாண்ட் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சில்லை நிலத்திலிருந்து தூக்கி, கீழ் ட்ரனியன் மேலும் கீழும் ஆடுகிறதா என்று முதலில் பார்ப்போம், உயரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கை ஒடுக்கம், உள்ளே திருப்ப வேண்டாம். மரீன் டிரைவிலேயே நிறுத்திவிட்டு அழையுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.