உண்டியலை உடைத்தால் சைக்கிள் வருமா?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
"இந்தப் படக்கதை ஒன்றே போதும், ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காசின் அருமை விளங்கிவிடும்" என்று நேற்று வாத்தியார் எழுதினார். நம்பி மகளுக்கு வாங்கினேன். கதையில் ஒரு சிறுமி தினம் ஒரு குற்றியை மண் உண்டியலில் போடுகிறாள். எட்டாம் பக்கத்தில் உண்டியலை உடைக்கிறாள், ஒன்பதாம் பக்கத்தில் சைக்கிள் ஓடுகிறாள்! படத்தில் இருப்பது ஐந்து ரூபாக் குற்றி. சின்னச் சைக்கிள் 25,000 என்றே வைப்போம். 5,000 குற்றி வேண்டும். 13 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவள் ஸ்கூட்டி கேட்பாள்.

தெஹிவளை வாத்தியார்:
அண்ணை, அது கதை. பொறுமை விளங்கினால் போதும். ஐந்து ரூபா என்று எங்கே எழுதியிருக்கிறது? பத்தாகவும் இருக்கலாமே.

புறக்கோட்டைக் கடைக்காரன்:
பத்து ரூபாக் குற்றிக்கு விளிம்பில் 11 பக்கம். படத்தில் வட்டம், மஞ்சள் நிறம். கல்லாவில் முப்பது வருடம் இருந்தவனுக்குக் குற்றி படிப்பிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அம்மா:
ஒரு ரூபாக் குற்றியும் மஞ்சள்தானே?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
அப்படியென்றால் 68 வருடம், தங்கச்சி. பேரப்பிள்ளைதான் சைக்கிள் ஓடும்.

வெள்ளவத்தை ரீச்சர்:
பிள்ளைக்குக் காசைப் பற்றிப் படிப்பிப்பது என்றால் எதை? சேமிப்பதையா, தேவையையும் ஆசையையும் பிரிப்பதையா? முதலில் அதைப் பேசுவோமே. கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

புறக்கோட்டைக் கடைக்காரன்:
குற்றி பார்க்கக் கோட்டைக்கு ஏன் ரீச்சர்? என் கல்லாவுக்கு வாருங்கள். ஒரு குற்றி வெறும் ஐந்து கிராம் என்றாலும் 5,000 குற்றி 25 கிலோ. அந்தச் சின்னச் சட்டிக்குள் எப்படிப் போகும்?

கொட்டாஞ்சேனை அம்மா:
சட்டியை விடுங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய வருடத்தைவிட 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. என் மகன் அந்த மாதம்தான் உண்டியலை உடைத்தான். ஆசைப்பட்ட பொம்மைக் கார் காசுக்கு எட்டவில்லை. "நான் சேர்த்தது எங்கே போனது?" என்று அழுதான். எந்தப் பக்கம் அதைச் சொல்கிறது?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
அது பிறகு. சட்டிக்குள் எப்படிப் போகும்?

தெஹிவளை வாத்தியார்:
இவ்வளவு கணக்குத் தெரிந்தவர், போன பொங்கலுக்கு நான் பானை வாங்கியபோது மிச்சம் 50 ரூபாவுக்கு டொபி தந்தது ஏன்?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
சில்லறை இல்லை. இருந்ததையெல்லாம் உங்கள் கதைப் பிள்ளை உண்டியலில் போட்டுவிட்டதே!

தெஹிவளை வாத்தியார்:
பத்து டொபி. இரண்டு உருகியிருந்தது.

கொட்டாஞ்சேனை அம்மா:
எனக்கும் டொபிதான் தந்தார். பிள்ளைக்குக் காசைப் பற்றிச் சொல்லித்தர அந்தக் கடையே போதும்.

புறக்கோட்டைக் கடைக்காரன்:
கடையை இழுக்காதீர்கள். வாத்தியாருக்கு அந்தப் பானையிலும் நான் 100 ரூபா குறைத்தேன், அதை அவர் எழுதமாட்டார்.

வெள்ளவத்தை ரீச்சர்:
நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புறக்கோட்டைக் கடைக்காரன்:
ரீச்சர், கொஞ்சம் பொறுங்கள். எட்டாம் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். வட்டமா, 11 பக்கமா? எண்ணிச் சொல்லுங்கள்.