எவர்ட்டன் தப்புமா? டிரா போதும்னு சொல்றவங்க கொஞ்சம் கணக்கு காட்டுங்க

சிப்புட்_நீலம் (சுங்கை சிப்புட்) | 24 மே 2023

வணக்கம். ஞாயிறு ராத்திரி 11.30க்கு நம்ம எவர்ட்டனுக்கு இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல போர்ன்மத்தோட கடைசி ஆட்டம். சௌத்தாம்ப்டன் கீழ் டிவிஷனுக்கு இறங்கியாச்சு. இன்னும் ரெண்டு டீம் இறங்கணும். நாம 33 புள்ளி, லெஸ்டர் 31, லீட்ஸ் 31.

இங்கே தோட்டத்துப் பக்கம் பாதிப் பேர் "ரெண்டு புள்ளி முன்னால இருக்கோம், டிரா போதும்"னு நிம்மதியா இருக்காங்க. எனக்கு அது சரியாப் படல. டிரா ஆனா நிஜமாவே தப்பிக்கலாமா? அதோட, கால்வர்ட்-லூவினுக்குத் தொடைத்தசை போச்சு, பேட்டர்சனுக்கும் அதே. கோல்மேன் லெஸ்டர் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியே. மிகோலென்கோவும் சந்தேகம்தான். ஓரத்துத் தடுப்பாட்டக்காரர் (பேக்) இல்லாம எப்படி ஆடுறது? 1954லேர்ந்து மேல் டிவிஷனை விட்டு இறங்காத டீம், இந்த வருஷம் போயிடக் கூடாது.

கோல்கணக்கு

தம்பி, நீங்க பயப்படுறது நியாயம். புள்ளி சமமானா முதல்ல கோல் வித்தியாசம் (அடிச்சதுல வாங்கினதைக் கழிச்சது), அதுக்கப்புறம் அடிச்ச கோல். இப்ப நாம -24, லெஸ்டர் -18, லீட்ஸ் -27.

ஜெயிச்சா 36. மத்த ரெண்டு பேரும் 34ஐத் தாண்ட முடியாது, கதை முடிஞ்சது.

டிரா ஆனா 34. அப்ப லெஸ்டர் வெஸ்ட் ஹாமை ஒரே கோல்ல ஜெயிச்சாலும் அவங்க 34, -17. நாம கீழே. லீட்ஸ் மட்டும் ஜெயிச்சா, டோட்டன்ஹாமை மூணு கோல் வித்தியாசத்துல அடிச்சாத்தான் நமக்கு ஆபத்து. மூணுன்னா -24ல சமம். ஆனா அடிச்ச கோல்ல அவங்க 47, நாம வெறும் 33.

தோத்தா, ரெண்டு பேர்ல யாரும் ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

1998ல கோவென்ட்ரியோட 1-1 டிரா பண்ணி, போல்டனோட புள்ளி சமமாகி, கோல் வித்தியாசத்துல தப்பிச்சோம். அதை நினைச்சுத்தான் பெரியவங்க டிரா போதும்னு சொல்றாங்க. இந்தத் தடவை கோல் வித்தியாசம் லெஸ்டர் பக்கம் இருக்கு.

ரெண்டாம்பந்து

ஆட்டத்தைப் பத்திப் பேசுவோம். பயிற்சியாளர் டைச் வந்தப்ப 20 ஆட்டத்துல 15 புள்ளி. அவர் கையில 17 ஆட்டத்துல 18. சொந்தத் திடல்ல அவர் ஜெயிச்சது மூணே ஆட்டம்: ஆர்சனல், லீட்ஸ், பிரெண்ட்ஃபோர்ட். மூணுமே 1-0! அதே திடல்ல முதல் கோலை விட்டப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க: நியூகாசல் 1-4, சிட்டி 0-3. பின்னால போனா திரும்பி வர இந்த டீம்கிட்ட கோல் இல்ல. அதனால முதல் கோல்தான் எல்லாமே.

பேக் இல்லாததுக்கு என் யோசனை: நடுத் தடுப்புல (சென்டர்பேக்) டார்கோவ்ஸ்கி, மினா, கோடி மூணு பேர். இடது ஓரம் மெக்நீல், வலது ஓரம் ஜேம்ஸ் கார்னர். ரெண்டு பேருமே பேக் இல்ல, அதனால அவங்க முதுகுக்குப் பின்னால இடம் விழும். அதை ஓரத்து சென்டர்பேக் போய் மூடணும், அப்ப நடுக்கள ஆட்டக்காரர் கானா கேய் உடனே பின்னால இறங்கி அந்த ஓட்டையை அடைக்கணும். இந்த ரெண்டுல ஒண்ணு லேட்டானாலும் போர்ன்மத்தோட சொலாங்கி உள்ளே புகுந்துடுவார்.

கோல் எங்கேர்ந்து வரும்? கார்னர் கிக்கும் ஃப்ரீகிக்கும்தான். ஆர்சனலுக்கு எதிரா மெக்நீல் கார்னர் கிக், டார்கோவ்ஸ்கி தலை. வுல்வ்ஸ் ஆட்டத்துல 99வது நிமிஷம் மினா. சென்டர்பேக் மூணு பேரும் உயரமா நின்னா, எதிராளி பந்தைத் தலையால பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால இருக்கிற பெனால்டி கட்டம்) வெளியே தள்ளுவான். அந்த ரெண்டாவது பந்துக்கு டூகூரேயை விளிம்புல நிறுத்தணும். பாக்ஸுக்குள்ள கூட்டத்துல அவரைத் தொலைக்கக் கூடாது.

மழைக்கால_விங்கர்

அண்ணே, மூணு சென்டர்பேக் போட்டா முன்னால யாரு? கிரே தனியா நிப்பார். நீளமா தூக்கிப் போட்டா அவரால தலையால பிடிச்சு வைக்க முடியாது, பந்து சுவத்துல பட்ட மாதிரி திரும்பி வரும். முன்கள ஆட்டக்காரர் சிம்ஸை இறக்கி, நாலு பேர் தடுப்போட போறதுதான் சரி. பிரைட்டன்ல 5-1 அடிச்சப்ப வேகமா ஓடித்தானே ஜெயிச்சோம்?

ரெண்டாம்பந்து

பிரைட்டன் மேலே ஏறி ஆடி பின்னால இடம் கொடுத்தாங்க. போர்ன்மத் அப்படிக் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, 39 புள்ளியில பத்திரமா இருக்காங்க. நவம்பர்ல அவங்க திடல்ல நாம 0-3. ஆனா கடைசி மூணு ஆட்டமும் தோத்திருக்காங்க, முதல்ல அழுத்தினா உடைவாங்க. கிரேவுக்குத் தூக்கிப் போட வேணாம், தரையோட ஓரத்துல விடணும். கோல் விழாட்டி 60வது நிமிஷம் சிம்ஸை இறக்கலாம், அதுல உங்க பக்கம்தான் நான்.

என் பெரிய கவலை வேற. 1-0 ஆனதும் இவங்க எல்லாரும் பாக்ஸுக்குள்ள போய் உக்காந்துடுவாங்க. அப்ப பந்தை வெளியே அடிச்சா திரும்ப எடுக்க ஆளே இருக்காது. ஓனானாவும் டூகூரேயும் பாக்ஸுலேர்ந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால நிக்கணும்.

சிப்புட்_நீலம்

நன்றி அண்ணே. வெஸ்ட் ஹாம் லெஸ்டரைத் தடுக்குமா? அவங்களுக்கு ஜூன் 7ல ப்ராக்ல ஃபியோரென்டினாவோட யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல் இருக்கே.

கோல்கணக்கு

அதை நம்பாதீங்க. வெஸ்ட் ஹாம் தப்பிச்சாச்சு, ஃபைனலுக்கு முன்னால யாரும் காலைப் பணயம் வைக்க மாட்டாங்க. லெஸ்டர் ஜெயிப்பாங்கன்னே வச்சுக்கிட்டு ஆடணும். டோட்டன்ஹாம் அப்படி இல்ல, ஏழாவது இடத்துக்கு இன்னும் போராடுறாங்க. லீட்ஸுக்கு அது கஷ்டம்.

மாமாக் கடையில ரெண்டு டிவி இருந்தா, ரெண்டாவதுல லெஸ்டர் ஆட்டத்தைப் போடச் சொல்லுங்க. மழை வந்து டிஷ் சிக்னல் போச்சுன்னா கைப்பேசியில ஸ்கோர் பாத்துக்கலாம். ஆட்டம் முடியும்போது ராத்திரி ஒன்றரை மணி ஆயிடும். திங்கக்கிழமை விடிகாலை பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு ஆள் எடுக்கிறது) போறவங்க இப்பவே ஆள் மாத்திப் பேசி வச்சுக்குங்க.