இசைத்தட்டில் இரவு ராணி குரல் கரகரக்கிறது, உதவுங்கள்

வியன்னாவில் இருக்கிறேன். மூன்று வாரம் முன்பு நாஷ்மார்க்ட் சனிக்கிழமைச் சந்தையில் மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' ஓபராவின் (இசை நாடகம்) பழைய எல்பி இசைத்தட்டு செட் வாங்கினேன். தட்டின் வெளிப்பக்கம் தேன். முள் நடு லேபிளை நெருங்க நெருங்க சோப்ரானோ (உச்சப் பெண் குரல்) மட்டும் உடைகிறது. ஓபராவின் இரவு ராணி பாத்திரம் உச்ச எஃப் சுரத்தைத் தொட்டால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். (அந்த நாலு சுரத்துக்காகத்தான் வாங்கினதே!)

பெல்ட் டிரைவ் பிளேயர், மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்தியிருக்கும், அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பாகம்), நீள்வட்ட முள், ஆறு மாதப் பழசு. தட்டைக் கழுவியாச்சு, முள்ளைத் துடைச்சாச்சு, முள் தட்டை அழுத்தும் எடையை 1.8லிருந்து 2 கிராமுக்கு ஏத்தியாச்சு, ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் (முள் கை உள்நோக்கி இழுபடுவதைச் சரிக்கட்டும் அமைப்பு) மாத்திப் பார்த்தாச்சு. பலன் இல்லை. ஆனால் ஒரு பியானோ தட்டு கடைசிவரை சுத்தமாகக் கேட்கிறது, அதுதான் குழப்பம்.

பழைய சொந்தக்காரர் தேய்ந்த முள்ளால் பள்ளத்தைக் கெடுத்துவிட்டாரா, என் கார்ட்ரிட்ஜ் கோணம் தப்பா என்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?